குன்னூர்ல குடும்பத்தோட கவுன்சிலிங் போனோம், ஊருக்கு வர்றவங்களுக்காக எழுதுறேன்

லீவுக்கு ஊருக்கு வர்ற நம்ம ஆளுங்க எல்லாரும் பல்லு, கண்ணாடி, ஃபுல் பாடி செக்கப்னு ஒரு லிஸ்ட் வெச்சிருப்போம். மெல்பர்ன்ல இருக்கற நான் இந்த தடவை அதுல சேத்தது ஃபேமிலி தெரபிஸ்ட், அதாவது குடும்பத்தையே ஒண்ணா உக்கார வெச்சு பேச வைக்கறவங்க. கோத்தகிரில அம்மா, தம்பி, தம்பி சம்சாரம் மூணு பேரும் ஒரே வீட்ல இருக்காங்க, அப்பா தவறினதுல இருந்தே வீட்ல பேச்சு சரியில்ல, தம்பிக்கு கோயம்புத்தூர்ல வேலை மாத்திட்டு போகணும், அம்மா அதுக்கு ஒத்துக்கல, மருமகதான் பிரிச்சு கூட்டிட்டு போறான்னு ஒரே பிடியா நிக்கறாங்க.

யார்கிட்ட போறதுன்னுதான் முதல்ல குழம்புவோம். சைக்யாட்ரிஸ்ட்னா எம்.டி. படிச்ச டாக்டர், மருந்து எழுதுவாங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர் இருக்கணும், தயங்காம கேளுங்க, உண்மையானவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க் படிச்சவங்க நிறைய பேர் குடும்பத்த சேத்து உக்கார வெச்சு பேசறதுலயே பழகினவங்க. வெறும் "கவுன்சிலர்"னு போர்டு மாட்டியிருந்தா என்ன படிச்சாங்க, எங்க பயிற்சி எடுத்தாங்கன்னு கட்டாயம் விசாரிங்க. நாங்க போனது குன்னூர்ல ஒரு மேடம்கிட்ட. கோத்தகிரிலயே பாத்திருந்தா பஸ் ஸ்டாண்டுல பாக்கறவங்க எல்லாம் என்ன ஏதுன்னு கேப்பாங்கன்னு அம்மாவுக்கு பயம், அதுவும் நியாயம்தான்.

அம்மா வந்ததே பெரிய விஷயம். "எனக்கென்ன பைத்தியமா"ன்னாங்க. அப்புறம் நான் திரும்பி போறதுக்குள்ள நாலு பேரும் ஒண்ணா உக்காந்து பேசணும், அதுக்கு வெளியாள் ஒருத்தர் இருந்தா நல்லதுன்னு சொன்னதும் சரின்னுட்டாங்க. அழைச்சுட்டு போக நினைக்கறவங்க "உங்களுக்கு ட்ரீட்மென்ட்"னு சொல்லாதீங்க, "நமக்காக"ன்னு சொல்லுங்க. அது நிஜமும்கூட, ஏன்னா அங்க யாரும் ஒருத்தர் மட்டும் பேஷண்ட் இல்ல.

முதல் சிட்டிங் ஒரு மணி நேரம் போல. ஃபாரம், கையெழுத்து, அதுக்கப்புறம் மேடம் ரூல் சொன்னாங்க. இங்க பேசறது வெளிய போகாது, ஆனா யாரோட உயிருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, குழந்தைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சாலோ நான் சும்மா இருக்க முடியாது, குழந்தை விஷயத்துல போக்சோ சட்டப்படி தகவல் குடுத்தே ஆகணும்னாங்க. அதோட இன்னொண்ணு, தனியா எனக்கு போன் பண்ணி ரகசியம் சொல்லாதீங்க, சொன்னா அத எல்லார் முன்னாடியும் நீங்களே பேசணும்னு கேப்பேன்னாங்க. அம்மா அவங்கள "டாக்டரம்மா டாக்டரம்மா"ன்னே கூப்ட்டாங்க, "நான் டாக்டர் இல்லம்மா, மாத்திரை தர மாட்டேன், யார் பக்கம் நியாயம்னும் சொல்ல மாட்டேன்"னு அவங்க தெளிவா சொல்லிட்டாங்க. இத எதிர்பாத்து போங்க, தீர்ப்பு கேட்டு போனா ஏமாந்துருவோம்.

அம்மா தம்பிய ஒட்டி உக்காந்தாங்க, தம்பி சம்சாரம் கதவு பக்கத்து சேர்ல கடைசியா. கொஞ்ச நேரம் பாத்துட்டு மேடம் தம்பிய எந்திரிச்சு சம்சாரம் பக்கத்துல உக்கார சொன்னாங்க, அவ்ளோதான், அதுவரைக்கும் தலை குனிஞ்சிருந்த அந்த பொண்ணு அதுக்கப்புறம்தான் வாயத் திறந்துச்சு. கேள்வியும் நேரா வராது. "அத்தையும் உங்க வீட்டுக்காரரும் பேசாம இருக்கற அன்னிக்கு வீட்ல சமையல் யாரு?" "சண்டை வந்தா முதல்ல யார் எந்திரிச்சு வெளிய போவாங்க?" இப்படித்தான். என்கிட்ட கேட்டது, "அம்மா உங்களுக்கு போன் பண்ணி முடிச்சதும் நீங்க யாருக்கு பண்ணுவீங்க?" தம்பிக்குன்னேன். தம்பி போய் சம்சாரத்துகிட்ட கேப்பான். மாமியாரும் மருமகளும் நேரா பேசிக்கவே இல்ல, எல்லாம் மெல்பர்ன் சுத்தி வருதுன்னு பேப்பர்ல ஒரு முக்கோணம் போட்டு காட்டினாங்க. இந்த முக்கோணம் மர்ரே போவென்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் வகுத்தது. வெளிநாட்ல இருக்கற பிள்ளைங்க எல்லாரும் இத ஒரு தடவை யோசிச்சு பாருங்க, தூரத்துல இருக்கோம், நமக்கும் இந்த சண்டைக்கும் சம்மந்தமில்லன்னு சொல்ல முடியாது, அந்த படத்துல நாமளும் ஒரு மூலைல இருக்கோம்.

அடுத்த சிட்டிங்ல மூணு தலைமுறை படம். பெரிய சார்ட்ல ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம், இறந்தவங்க மேல பெருக்கல் குறி. எங்களது 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல, அதாவது சிலோன் தோட்டத் தமிழர்ல ஒரு பகுதிய இந்தியா ஏத்துக்கிட்ட ஒப்பந்தத்துல, சிலோன்ல இருந்து வந்த குடும்பம், தாத்தா அரசோட டான்டீ தேயிலை தோட்டத்துல வேலை பாத்தவரு, அது எங்களுக்கு தெரியும். தெரியாதது, அம்மாவோட அக்காவ பத்தி. அவங்களுக்கு சிலோன்லயே குடியுரிமை கிடைச்சு ஹட்டன்லயே நின்னுட்டாங்களாம். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் எறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்தப்ப அம்மாவுக்கு 11 வயசு, அக்கா பின்னாலயே வந்துரும்னு சொல்லி கூட்டிட்டு வந்தாங்களாம், அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. "பிரிஞ்சு போனவங்க திரும்ப வந்ததில்ல டாக்டரம்மா"ன்னு சொல்லிட்டு முந்தானைய வாய்ல வெச்சுகிட்டாங்க. தம்பி சம்சாரம்தான் கேட்டுச்சு, "உங்க அக்கா பேரு என்னங்கத்தை?" மேடம் அந்த பேர வட்டத்துக்குள்ள எழுதினாங்க. கோயம்புத்தூர்னா மலை இறங்கி ரெண்டு மூணு மணி நேரம்தானேன்னு நாங்க அத்தன நாளா அம்மாகிட்ட வாதாடிட்டு இருந்தோம், ஆனா அவங்க பயந்தது அந்த தூரத்துக்கு இல்ல.

உடனே எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க, அம்மா எனக்கு கால் பண்றதுக்கு முன்னாடி அந்த விஷயத்த மருமகக்கிட்டயே ஒரு தடவை சொல்லிப் பாக்கணும், நான் கேட்டத தம்பிகிட்ட கடத்தக்கூடாது. சில நாள் நடக்குது, சில நாள் இல்ல. இப்ப நான் வீடியோல சேந்துக்கறேன், ஊர்ல சாயங்காலம் 5 மணின்னா இங்க ராத்திரி ஒன்பதரை, பத்தரை ஆயிரும், மழைக்காலத்துல அவங்க பக்கம் சிக்னல் வேற போயிரும். இங்க ஆஸ்திரேலியாலன்னா ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிட்ட மனநல சிகிச்சை பிளான் வாங்கி வருஷத்துக்கு 10 சிட்டிங் வரைக்கும் மெடிகேர்ங்கற அரசு மருத்துவ காப்பீட்டுல கொஞ்சம் காசு திரும்ப வரும், ஆனா உறவு பிரச்சினைக்குன்னே போனா அது கிடையாது, அதனால ஊர்ல குடுக்கற ஃபீஸ் எனக்கு பாரமா தெரியல.

காசு குடுக்க முடியாதவங்க அரசு ஆஸ்பத்திரில மாவட்ட மனநல திட்டத்துல இருக்கற டாக்டர பாக்கலாம், டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமா தமிழ்ல பேசலாம், 2022-ல இருந்து இருக்கு. வீட்ல அடி உதை இருந்தா மட்டும் எல்லாரையும் ஒண்ணா உக்கார வெக்காதீங்க, அங்க பேசினதுக்கு வீட்ல வந்து அடி விழும், அந்த பொண்ணு முதல்ல தனியா பேசணும், 181 பெண்கள் உதவி எண்.

வெளியூர் வண்டில மலை ஏறறவங்க இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, நீலகிரில பதிவான டி.என். 43 வண்டிக்குதான் வேணாம். பெரியவங்க சாப்பிடற பிரஷர், தைராய்டு மாத்திரை சீட்டயும் எடுத்துட்டு போங்க, எங்ககிட்ட முதல்லயே கேட்டாங்க, தைராய்டு கோளாறுலகூட எரிச்சலும் சோர்வும் வருமாம்.