இடுப்பு வலிக்கு எந்த வைத்தியம்? டாக்டரிடம் கேட்காமல் விடும் கேள்வியை வைத்து ஓர் அலசல்

எலும்பு டாக்டரிடம் போனால் பைக் ஓட்டலாமா, தண்ணீர்க்குடம் தூக்கலாமா, தரையில் உட்காரலாமா என்று வரிசையாகக் கேட்போம். தாம்பத்தியம் பற்றிய கேள்வி மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். துணைக்கு அம்மாவோ மச்சானோ வந்திருந்தால் பேச்சே இல்லை. அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். சரி, கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்து, வழக்கமான வைத்தியங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றையும் கிட்னியையும் பதம் பார்க்கலாம்; படுக்கையறையில் பெரிதாகக் குறுக்கே வருவதில்லை. சில நாள் மட்டும் என்றால் இவையே தேவலை. மாதக்கணக்கில் நீளும் வலிக்கும், கால் வரை இழுக்கும் நரம்பு வலிக்கும் எழுதித் தருகிற மாத்திரைகள் வேறு ரகம். டுலாக்ஸெடின் வலியைக் குறைக்கும். சிலருக்குக் கூடவே ஆசையையும் குறைக்கும், உச்சத்தைத் தாமதமாக்கும். ஆண், பெண் இருவருக்கும் இது நடக்கும். அமிட்ரிப்டிலினும் ப்ரீகாபலினும் தூக்கத்தை இழுத்து வரும். ஆண்களில் சிலருக்கு விறைப்பும் தளரும். டிரமடால், அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை. தொடர்ந்து எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கக்கூடும். வலி போயும் நாட்டம் வரவில்லையே என்று வயதையும் கல்யாணத்தையும் நொந்துகொள்கிறவர்கள், ஒரு தடவை மருந்துச்சீட்டை எடுத்துப் பார்க்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் உடம்பு படுத்தும். அளவைக் குறைக்கலாமா, மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

அடுத்து பெல்ட், டிராக்‌ஷன் (எடை கட்டி முதுகை இழுப்பது), படுத்தே கிடப்பது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஓபியாய்டும் அதே பட்டியலில்தான். படுத்தே கிடந்தால் தசை தளரும், பயம் ஏறும். ‘அசைந்தால் ஜவ்வு பிதுங்கிவிடும்’ என்ற அந்தப் பயம், வலி ஆறிய பிறகும் தம்பதியைத் தள்ளித் தள்ளிப் படுக்க வைக்கும்.

என் ஓட்டு உடற்பயிற்சிக்கும் பிசியோதெரபிக்கும்தான். பலன் வர வாரக்கணக்கில் ஆகும், சோம்பல்பட்டால் வேலைக்கு ஆகாது. ஆனாலும் ஆசையையோ விறைப்பையோ கெடுக்காமல் வலியைக் குறைக்கிற வழி இது. இன்னொரு லாபமும் உண்டு: முதுகை மடக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து அசையப் பழகுவது அப்படியே படுக்கையிலும் கைகொடுக்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடாலி சிடோர்கெவிச்சும் ஸ்டூவர்ட் மெக்கிலும் இதை அளந்தே பார்த்தார்கள். 10 ஜோடிகளின் முதுகெலும்பு உறவின்போது எப்படி அசைகிறது என்று கேமராக்களை வைத்துப் பதிவு செய்து 2014-ல் வெளியிட்டார்கள். அதுவரை முதுகுவலிக்காரர் எல்லாருக்கும் ‘ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் பொதுவான அறிவுரை. குனிந்தால் வலிக்கிற ஆண்களுக்கு அதுவே முதுகை அதிகம் மடக்குகிறது என்று தெரிந்தது. மனைவி முட்டிபோட்டு முன்னால் குனிந்திருக்க, பின்னாலிருந்து சேர்வது அவர்களுக்கு மேல் என்றார்கள். அளந்தது வலியில்லாத ஜோடிகளை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக, உங்கள் வலி எந்த வகை என்பதே முக்கியம். நெடுநேரம் உட்கார்ந்தாலோ செருப்பு மாட்டக் குனிந்தாலோ கூடுகிறதா? குனிகிற வகை. நிமிர்ந்து பின்னால் சாய்ந்தாலோ குப்புறப் படுத்தாலோ கூடுகிறதா? அப்படியென்றால் ஒருக்களிப்பது உங்களுக்கு ஒத்துவரலாம்.

ஊசி பற்றி இரண்டு வரி போதும். முதுகில் போடும் ஸ்டீராய்டு, கால் வலிக்குச் சில வாரம் நிம்மதி தரலாம். வெறும் இடுப்பு வலிக்குப் பெரிய பயன் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொஞ்ச நாள் அளவு ஏறும்.

ஆபரேஷன் கடைசியில். பிதுங்கிய ஜவ்வை முதுகுப் பக்கமாக எடுக்கும் சிகிச்சை சரியான ஆளுக்குச் செய்தால், கால் வலி விடும்போது தாம்பத்தியமும் பெரும்பாலும் தானாகத் திரும்பும். வயிற்றுப் பக்கமாகப் போய் எலும்புகளை இணைக்கும் முறையில்தான் ஆண்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே ஓடும் மெல்லிய நரம்புப் பின்னல் அடிபட்டால் விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடலாம். விறைப்பும் உச்சமும் இருக்கும், குழந்தை உண்டாவதுதான் சிக்கல். பிள்ளை வேண்டும் என்று இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். எத்தனை வாரம் கழித்துச் சேரலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லாத ஒரு நிலைமையும் உண்டு. தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, மூத்திரம் அடைப்பது அல்லது தெரியாமலே போவது, பிறப்புறுப்பில் உணர்வு குறைவது, இவற்றில் ஒன்று இடுப்பு வலியோடு வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.