டிஜிட்டல் தெர்மாமீட்டர்: கொடைக்கானல் குளிரில் மூன்று மாதம்

மூஞ்சிக்கல்லில் ஒரு மெடிக்கலில் 220 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் 'பத்தே நொடியில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், சும்மா. நாக்குக்கு அடியில் வைத்தால் நாற்பது நொடியாவது ஆகிறது. ஜன்னலோரம் கிடந்ததை ஜனவரிக் காலையில் அப்படியே எடுத்து வைத்தால் ஒரு நிமிடம் தாண்டிவிடும், அதனால் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துவிட்டு அப்புறம்தான் போடுகிறேன். பையனுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி அக்குளில் வைத்தபோது பீப் அடித்ததும் 100.4, எடுக்காமல் இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் 101.2. பீப்பை நம்பாதீர்கள்.

அந்த பீப் அம்மாவுக்குக் கேட்பதும் இல்லை. பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் பழக்கத்தில் இதையும் மணிக்கட்டைச் சுண்டி நாலு உதறு உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்.

கண்ணாடியே இருக்கட்டும் என்றுதான் முதலில் கேட்டேன். "அதெல்லாம் இப்ப வர்றதில்லண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. உள்ளே இருப்பது பாதரசம், நஞ்சு; அது ஏன் வருவதில்லை என்பதில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கிறது. இதே மூஞ்சிக்கல்லில், ஒரு பழைய இரும்புக் கடையில், 2001 மார்ச்சில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் ஊர்க்காரர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். இங்கே இருந்த ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்த சரக்கு. அதே மாதம் ஆலையில் உற்பத்தி நின்றது. 2003இல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது; ஆலையின் இயந்திரங்களும் ஒரு காலத்தில் அங்கிருந்து வந்தவைதான். பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று நியாயம் கேட்ட 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் ஆக 2016 ஆகிவிட்டது.

உலக அளவில் கதை வேறு மாதிரி நடந்தது. பாதரசத்துக்கென்று ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. பேச்சுவார்த்தை 2010இல் தொடங்கியபோது ஜீரோ மெர்குரி ஒர்க்கிங் குரூப், டெல்லியின் டாக்சிக்ஸ் லிங்க் போன்ற தொண்டு அமைப்புகளும் போய் உட்கார்ந்தன. பார்வையாளர்தான், ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாதவர்கள் என்ன செய்துவிட முடியும் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் எந்தப் பொருளில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று பரிசோதித்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நாடு நாடாக நச்சரித்தால் காது கொடுக்காமல் எப்படி இருப்பார்கள்? 2013இல் அந்த ஒப்பந்தம் மினமாட்டா ஒப்பந்தம் என்ற பெயரில் ஏற்கப்பட்டது, 2017இல் அமலுக்கு வந்தது, 2018இல் இந்தியாவும் உறுதி செய்தது. பாதரச தெர்மாமீட்டர் தயாரிப்புக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020 கெடு. நாடுகள் கேட்டால் கூடுதல் காலம் உண்டு, அதில்தான் சில வருடம் இழுத்தது. தொண்டு நிறுவனம் என்றாலே வெளிநாட்டுப் பணம் என்று முகம் சுளிக்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னால், "ஆலை மண்ணைச் சுத்தம் பண்ண அவங்களால முடிஞ்சுதா?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். எவ்வளவு சுத்தம் போதும் என்ற வாதமே வருடக்கணக்கில் ஓடியது.

சரி, தெர்மாமீட்டருக்கு வருவோம். 5க்கு 3. முனை வழுவழுப்பாக இருக்கிறது, குழந்தை கடித்தாலும் பயமில்லை. குறை, பேட்டரி மூடியைத் திறக்க நகம் பெயர்கிறது. பெட்டியில் 'பாதரசம் இல்லாதது' என்று பெருமையாகப் போட்டவர்கள் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்த வகைப் பேட்டரிகளிலும் கொஞ்சம் பாதரசம் சேர்த்து வந்ததுண்டு. தீர்ந்துபோன ஒன்றை எங்கே போடுவது என்று தெரியாமல் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், கடையில் திருப்பி வாங்க மாட்டார்களாம்.