எல்எல்எம் படிக்கும் ஜூனியர்களுக்கு: ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஒலி-ஒளி நூலகம் தேறுமா?

மதுரையில் பிராக்டிஸ் பண்ணிக்கொண்டே சர்வதேசச் சட்டம், மனித உரிமைப் பிரிவில் எல்எல்எம் (சட்டத்தில் முதுநிலைப் படிப்பு) படிக்கிறேன். பகலில் கேஸ் கட்டு, ராத்திரியில் உடன்படிக்கை. இந்தப் படிப்பில் பீஸைவிடப் பெரிய அடி புத்தக விலைதான். வெளிநாட்டுப் பதிப்பகத்தின் தடித்த புத்தகம் ஒன்றை வாங்கிவிட்டால் அந்த மாதம் முழுக்க கேன்டீன் டீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். (மதுரை ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் ஐகோர்ட் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவர்கள் இருந்தால் சந்தோஷம்.) அதனால் காசு கேட்காத இடங்களைத் தேடித் தேடிப் படிக்கிற ஆள் நான். அப்படி அதிகம் புழங்கிய இடம் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஒலி-ஒளி நூலகம். அதைப் பற்றித்தான் இது.

ஐ.நா. சட்ட விவகார அலுவலகம் 2008-ல் தொடங்கிய இணைய நூலகம் இது. வளரும் நாடுகளில் சர்வதேசச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 1965 டிசம்பரில் பொதுச்சபை ஒரு உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ்தான் இதுவும் வருகிறது. கட்டணம் கிடையாது, லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது. சான்றிதழும் கிடையாது, எதிர்பார்த்துப் போகாதீர்கள். உள்ளே மூன்று பகுதி: விரிவுரைகள், வரலாற்று ஆவணங்கள், ஆய்வு நூலகம்.

எல்லாரும் சிபாரிசு செய்வது விரிவுரைகளை. நல்லவைதான். சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த கிறிஸ்டோபர் கிரீன்வுட், சர்வதேசச் சட்டத்தின் மூலங்கள் எவை என்று அறிமுகம் செய்கிற உரையை முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள். நீதிமன்றச் சாசனத்தின் 38-ஆவது பிரிவை மனப்பாடம் செய்து எழுதுகிற பழக்கம் அதோடு போகும். ஆனால் பல உரைகளில் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், அவ்வளவுதான். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பாட்காஸ்டாகவும் கிடைப்பதால் மாட்டுத்தாவணியில் ஏறி ஒத்தக்கடை ஐகோர்ட் பெஞ்சுக்குப் போகும் வழியில் காதில் போட்டுக்கொண்டால் போதும். எல்லா உரைக்கும் எழுத்து வடிவம் கிடையாது. பரீட்சைக்குக் குறிப்பெடுப்பவர்களுக்கு இது ஒரு தொல்லை.

என் மதிப்பெண் முழுக்க இரண்டாவது பகுதிக்குத்தான். வரலாற்று ஆவணங்கள் என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பலரும் உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு முக்கியமான உடன்படிக்கைக்கும் அங்கே தனிப் பக்கம் இருக்கிறது. முதலில் சில பக்க அறிமுகக் குறிப்பு. பிறகு அந்த உடன்படிக்கை எந்தத் தீர்மானத்தில் ஆரம்பித்து, எந்தக் குழுவில் அடிபட்டு, எந்தத் தேதியில் நிறைவேறியது என்ற வரலாறு. அதன்பின் வரைவுகள், விவாத அறிக்கைகள். சிலவற்றுக்குப் பழைய புகைப்படமும் படத்துண்டும் உண்டு. அறிமுகக் குறிப்பை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள்: இனப்படுகொலை உடன்படிக்கைக்கு வில்லியம் ஷாபஸ், அகதிகள் உடன்படிக்கைக்கு கை குட்வின்-கில், அரசுகளின் பொறுப்பு பற்றிய விதிகளுக்கு, அந்த வேலையை ஐ.நா.வில் முடித்துக்கொடுத்த ஜேம்ஸ் கிராஃபோர்டே. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கைக்கு ஹான்ஸ் டேனலியஸ்.

டேனலியஸ் ஸ்வீடன்காரர். 1978-ல் ஸ்வீடன் கொடுத்த முதல் வரைவு முதல் 1984 டிசம்பர் 10-ல் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது வரை அந்த வேலைக்குள்ளேயே இருந்தவர். வரைந்தவரே உட்கார்ந்து, எங்கே சண்டை வந்தது, எது எளிதில் முடிந்தது என்று சொல்கிற குறிப்பு அது. முதல் பிரிவில் சித்திரவதை என்றால் அரசு ஊழியர் செய்வது, அல்லது அவருடைய தூண்டுதலிலோ சம்மதத்திலோ கண்டும் காணாமலும் நடப்பது என்று வருகிறது. ரவுடி அடித்தால் ஏன் அதில் வராது? அதற்கு ஊர்ச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது; போலீஸே அடிக்கும்போதுதான் உள்ளூர் ஏற்பாடு கை கொடுக்காது என்பது அடிப்படை. எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அகப்பட்ட நாட்டில் வழக்குப் போடலாம் என்ற அதிகாரமும், சித்திரவதை நடப்பதாக நம்பகமான தகவல் வந்தால் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு தானே விசாரிக்கலாமா என்பதும்தான் பெரிய இழுபறி. விசாரணை வேண்டாம் என்று ஒரு நாடு விலகிக்கொள்ள 28-ஆவது பிரிவு வழிவிடுவதற்கு அந்த இழுபறிதான் காரணம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தகப்பனும் மகனும் செத்தபோது எங்கள் பெஞ்ச் தானாகவே அதை எடுத்து விசாரித்தது. அந்த நாட்களில் வராண்டாவில் நின்று நாங்கள் பேசியதெல்லாம் ஐபிசி 302 (கொலை), 330 (வாக்குமூலம் வாங்க அடிப்பது) என்றுதான். இந்தியா 1997 அக்டோபரில் இந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை உறுதி செய்யவில்லை (உறுதி செய்தால்தான் அது நாட்டைக் கட்டுப்படுத்தும்). 2010-ல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தேங்கி, காலாவதியாகிவிட்டது. உறுதி செய்யுங்கள் என்று 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஒரு அசைன்மென்ட் போதும். டேனலியஸ் குறிப்பையும் வரைவுகளையும் படித்துவிட்டு எழுதினால், எந்த வாசகம் எந்த அரசின் எந்தப் பயத்தில் வந்தது என்று எழுத முடிகிறது. வைவாவில் கேள்வி கேட்பவரின் முகம் மாறும்.

இதில் சட்டப் பயனும் இருக்கிறது. ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவுப்படி சொற்களுக்கு இயல்பான பொருள் கொள்ள வேண்டும். அதில் தெளிவு வராவிட்டால் தயாரிப்பு ஆவணங்களைப் பார்க்கலாம் என்கிறது 32. வகுப்பில் ‘த்ராவோ’ என்று நாம் பயப்படுகிற அந்த ஆவணங்கள் இங்கே தேர்ந்தெடுத்து அடுக்கிக் கிடக்கின்றன. மூட் கோர்ட்டுக்கு (மாணவர்களின் மாதிரி வழக்குப் போட்டி) போகும் பிள்ளைகள் இதை ஏன் விட்டுவைக்கிறார்கள் என்று தெரியவில்லை. தட்டச்சு செய்த பழைய தாள்களை ஸ்கேன் செய்த பிடிஎப் பல உண்டு. போனில் படித்தால் கண் வலிக்கும், பிரிண்ட் எடுங்கள்.

குட்வின்-கில் குறிப்பைத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தனியாக ஒருமுறை படிக்க வேண்டும். 1951 உடன்படிக்கை அந்த வருடம் ஜனவரி 1-க்கு முந்தைய நிகழ்வுகளால் ஓடி வந்தவர்களுக்கு மட்டுமானதாக இருந்தது. 1967 நெறிமுறைதான் அந்தத் தேதியை எடுத்தது. இரண்டிலும் இந்தியா சேரவில்லை. மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழரிடம் 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியாகிவிட்டது என்று சொல்லலாம், சட்டத்தில் அவருக்கு என்ன அந்தஸ்து என்று கேட்டால் வெளிநாட்டினர் பற்றிய சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும்.

குறைக்கு வருகிறேன். இது ஐ.நா. வீட்டுக்குள் இருக்கிற நூலகம். உடன்படிக்கை பிறந்த கதை விரிவாகக் கிடைக்கும். பிறந்த பிறகு அதை அரசுகள் என்ன பாடு படுத்தின என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். இலங்கையின் சிங்கராசா வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்கி, அதை வைத்தே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டித்தார்கள். 50 வருடம், அப்பீலில் 35 ஆனது. வாக்குமூலம் மிரட்டி வாங்கியது என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-ல் இது நியாயமான விசாரணை இல்லை என்றது. 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவுக்குத் தனிநபர் புகார் அனுப்ப வழிவிடும் நெறிமுறையில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று சொல்லி மனுவைத் தள்ளியது. இந்தியாவுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, நாம் அந்த நெறிமுறையில் சேரவே இல்லை. இந்த வழக்கைப் படிக்க ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் தீர்ப்புத் தேடல் பக்கம் வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு ஹூடாக் தளம், போர்ச் சட்டத்துக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் 161 வழக்காற்று விதிகள். எல்லாம் இலவசம்.

இன்னொன்று. இங்கே படித்ததை அப்படியே கோர்ட்டில் வைத்தால் ‘இது நம்மைக் கட்டுப்படுத்துமா கவுன்சல்?’ என்ற கேள்வி வரும். அதற்கான பதில் இந்த நூலகத்தில் இல்லை. கடனுக்குச் சிறை பற்றிய 1980 ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் தீர்ப்பிலும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு பணியிடப் பாலியல் தொல்லைக்கு வழிகாட்டு விதிகள் வகுத்த 1997 விசாகா தீர்ப்பிலும் இருக்கிறது. அவற்றை ஒரு கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்துக்கு நாலரை. அந்த அரை தேடல் வசதிக்காகக் குறைத்தது: பெயரும் தலைப்பும் சரியாகத் தெரியாமல் போனால் நிறையச் சுற்ற வேண்டியிருக்கிறது. புதிதாக நுழைகிறவர்கள் முகப்பில் நிற்கிற உரைகளில் மாட்டிக்கொள்ளாமல் நேரே வரலாற்று ஆவணங்களுக்குப் போய், டேனலியஸை முதலில் பிரிண்ட் எடுங்கள்.