நாளைக்குப் போக வேண்டிய மெசேஜ்: ராபிட்எம்கியூவா, ஆக்டிவ்எம்கியூவா?

நாங்கள் செய்வது சின்ன வேலைதான். கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் போட்டவர்களுக்கு முந்தின நாள் ஒரு எஸ்எம்எஸ், இரண்டு மணி நேரம் முன்னால் இன்னொன்று. நாளுக்குச் சில ஆயிரம் மெசேஜ் போகும். இதற்கு இரண்டு வருஷம் ராபிட்எம்கியூ ஓட்டினோம், இப்போது ஓடுவது ஆக்டிவ்எம்கியூ கிளாசிக். இரண்டுமே புரோக்கர்கள், அதாவது ஒரு புரோகிராம் கொடுக்கும் மெசேஜை வாங்கிக் கியூவில் (வரிசையில்) வைத்திருந்து இன்னொன்றிடம் கொடுக்கும் சாஃப்ட்வேர். மாறியவன் எழுதுவதால் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டுக்கும் எங்கள் லோடு ஒரு பொருட்டே இல்லை, அதனால் வேகச் சண்டைக்குள் போகவில்லை. இதே மாதிரி மெசேஜ் கடத்தும் காஃப்காவைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் குறித்த நேரத்தில் ஒரு மெசேஜை விடுவதும் நிபந்தனை பார்த்துப் பிரித்துக் கொடுப்பதும் அதன் புரோக்கர் பார்க்கிற வேலை இல்லை. அமேசானின் கியூ சேவையான எஸ்கியூஎஸ்ஸில் மெசேஜை அதிகபட்சம் 15 நிமிஷம்தான் தள்ளிப்போடலாம். நாளைய நினைவூட்டலுக்கு அது எந்த மூலைக்கு?

ராபிட்எம்கியூவில் பழைய வழி ஒன்று உண்டு. மெசேஜுக்கு ஒரு ஆயுளை வைத்து, யாரும் எடுக்காத கியூவில் போட்டுவிடுவது. ஆயுள் முடிந்ததும் அது டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (காலாவதியான மெசேஜை வேறு கியூவுக்குத் திருப்பும் பகுதி) வழியாக உண்மையான கியூவில் வந்து விழும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆயுள் முடிந்த மெசேஜ் வரிசையின் தலைக்கு வந்த பிறகுதான் வெளியேறும். 24 மணி நேர மெசேஜ் முன்னால் நின்றால் அதன் பின்னால் நிற்கும் 2 மணி நேர மெசேஜும் கூடவே காத்துக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே தாமதம் என்றால், உதாரணமாகத் தோற்றுப்போனதை 30 விநாடி கழித்து மறுபடி முயல்வதற்கு, இந்த வழி அருமை. இன்றைக்கும் அதையே சிபாரிசு செய்வேன்.

எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாமதம், அதனால் டிலேடு மெசேஜ் என்ற பிளகினை (கூடுதலாகச் சேர்க்கும் துணை புரோகிராமை) போட்டோம். அது மெசேஜை எக்ஸ்சேஞ்சிலேயே, அதாவது எந்த மெசேஜ் எந்தக் கியூவுக்கு என்று பிரிக்கும் இடத்திலேயே, நிறுத்தி வைத்து நேரம் வந்ததும் கியூவுக்கு அனுப்பும், வரிசைச் சிக்கல் கிடையாது. ஆனால் காத்திருக்கும் மெசேஜ்கள் அந்த ஒரே ஒரு நோடில்தான் (சர்வரில்தான்) இருக்கும், பல சர்வரைச் சேர்த்துக் கிளஸ்டர் போட்டிருந்தாலும் நகல் இல்லை. பிளகினை நிறுத்தினால் உள்ளே இருப்பவை போய்விடும். லட்சக்கணக்கில் தள்ளிப்போட இது ஏற்றதல்ல என்று அதன் குறிப்பேடே எச்சரிக்கிறது. இதையெல்லாம் தெரிந்துதான் போட்டோம்.

அடி விழுந்தது வேறு இடத்தில். ஒரு கிளினிக்கில் டாக்டர் திடீரென்று ஊருக்குப் போக வேண்டியிருந்து, மறுநாள் அப்பாயின்ட்மென்ட் மொத்தமும் ரத்து. எக்ஸ்சேஞ்ச் பக்கத்தைத் திறந்தால் எத்தனை மெசேஜ் காத்திருக்கிறது என்ற எண் இருக்கிறது, யாருடையவை என்று பார்க்க வழியில்லை, ஒன்றை மட்டும் பிடுங்கி எறியவும் வழியில்லை. அனுப்பும் முன் டேட்டாபேஸைப் பார்க்கும் சோதனையை அப்போது நாங்கள் எழுதியிருக்கவில்லை, அது எங்கள் தப்புதான். கியூவிலிருந்து எடுத்து எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராமான கன்ஸ்யூமரை நிறுத்தினால் மற்ற கிளினிக்குகளின் மெசேஜும் நிற்கும். ராத்திரி உட்கார்ந்து சோதனையை எழுதி ஏற்றுவதற்குள் கொஞ்சம் போய்விட்டது. ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஆக்டிவ்எம்கியூவில், குறித்த நேரம் வரை மெசேஜை வைத்திருக்கும் ஷெட்யூலர் புரோக்கரோடு கூடவே வருகிறது, ஆனால் கான்ஃபிக் ஃபைலில் அதை இயக்கிவிட வேண்டும். அப்புறம் மெசேஜோடு கூடவே போகும் பிராபர்ட்டி என்ற குறிப்பில் தாமதத்தை மில்லி விநாடியில் எழுதினால் போதும், கிரான் கணக்கிலும் (இந்த நாளில், இத்தனை மணிக்கு என்று குறிக்கும் முறை) எழுதலாம். நான் மாறியது இதற்காக இல்லை. ஷெட்யூலருக்கென்று ஒரு நிர்வாக முகவரி இருக்கிறது. இந்த நேரத்திலிருந்து அந்த நேரம் வரை காத்திருப்பவற்றைக் காட்டு என்று அதற்கு ஒரு மெசேஜ் அனுப்பினால், ஒவ்வொன்றின் நகலும் அதனதன் அடையாள எண்ணோடு நமக்கு வரும். அந்த எண்ணைக் கொடுத்து நீக்கச் சொன்னால் நீக்கிவிடும். வெப் கன்சோலிலும் ஒரு பக்கம் உண்டு, ஆனால் அதில் நேரமும் எண்ணும்தான் தெரியும், உள்ளே இருப்பது யாருக்கான மெசேஜ் என்று தெரியாது. அதனால் நிர்வாக முகவரியிடம் கேட்டு அப்பாயின்ட்மென்ட் எண்ணோடு பட்டியல் போடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டோம். இப்போது கிளினிக்கிலிருந்து போன் வந்தால், "நாளைக்கு உங்களுடையது 43 இருக்குங்க, எடுத்துடவா?" என்று கேட்க முடிகிறது. டேட்டாபேஸ் சோதனையையும் விடவில்லை, நீக்குவதற்குள் நேரம் வந்துவிடும் மெசேஜும் இருக்குமே.

எந்த மெசேஜ் எந்தக் கிளைக்கு என்று பிரிக்கும் வடிகட்டலில் எனக்கு ராபிட்எம்கியூதான் பிடிக்கும். அது மெசேஜ் உள்ளே வரும்போதே ரூட்டிங் கீ என்ற முகவரிக் குறிப்பைப் பார்த்துத் தனித்தனிக் கியூவுக்குப் பிரித்துவிடுகிறது. ஆக்டிவ்எம்கியூவின் செலக்டர் என்ற நிபந்தனையை, கிளை = 'வடக்கு' என்று எஸ்கியூஎல் மாதிரி எழுத வசதியாக இருந்தாலும், வடிகட்டுவது எடுக்கும் இடத்தில்தான். பொதுவாக அது ஹெடர்களையும் (தலைப்புக் குறிப்புகள்) பிராபர்ட்டிகளையும்தான் பார்க்கும், மெசேஜின் உள்ளடக்கத்தைப் பார்க்காது. இன்னொரு பொறியும் உண்டு: இயல்பாக ஆக்டிவ்எம்கியூ ஒரு கியூவிலிருந்து ஒரு தடவைக்கு 200 மெசேஜைத்தான் நினைவகத்துக்கு எடுக்கிறது. அந்த 200-ம் யாரும் கேட்காத கிளையுடையவை என்றால் பின்னால் நிற்கும் வடக்குக் கிளை மெசேஜ் வரவே வராது, கன்ஸ்யூமர் சும்மா உட்கார்ந்திருக்கும். கிளைக்கு ஒரு கியூ என்று பிரித்த பிறகுதான் நிம்மதி.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஷெட்யூலரின் ஃபோல்டர் தனி. பேக்கப்பில் கியூவில் இருப்பவற்றைச் சேமிக்கும் கஹாடிபி ஃபோல்டரை மட்டும் எடுத்தால் நாளைய மெசேஜ் அதில் இருக்காது. 2023 அக்டோபரில், ஆக்டிவ்எம்கியூவோடு பேசப் பயன்படும் ஓப்பன்வயர் என்ற நெறிமுறையில் வந்த பாதுகாப்பு ஓட்டை, வெளியிலிருந்தே யாரோ ஒருவர் சர்வரில் தன் புரோகிராமை ஓட்டலாம் என்கிற அளவுக்கு மோசம், தீவிர மதிப்பெண் 10-க்கு 10. ஆக்டிவ்எம்கியூவில் 5.18.3-க்கு முந்தைய 5.18 பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள். கன்சோலின் பாஸ்வேர்டு இன்னும் அட்மின் என்றே இருந்தால் அதையும்.

லட்சக்கணக்கில் காத்திருந்தால் இந்த ஷெட்யூலர் எப்படித் தாங்கும் என்பதற்கு எங்களிடம் அனுபவம் இல்லை, நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. ஆக்டிவ்எம்கியூவின் இன்னொரு வகையான ஆர்ட்டெமிஸைச் சோதனை மெஷினில் மட்டும் இரண்டு வாரம் ஓட்டினோம். ஜாவாவின் மெசேஜ் தரநிலையான ஜேஎம்எஸ் 2.0-வின் டெலிவரி டிலே (மெசேஜைத் தள்ளிப்போடும் வசதி) அதில் நேராகவே வேலை செய்தது. புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் நான் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன்.