ஒவ்வொன்றாக மாற்றுவதா, சேர்த்து மாற்றுவதா?

"ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று பள்ளி ஆய்வகத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆய்வேட்டை எழுத உட்கார்ந்த பிறகு புள்ளியியல் உதவி கேட்டு வருகிற மாணவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் சோதனையை முடித்துவிட்டு வருகிறார்கள். வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அதை அப்படியே வைத்துக்கொண்டு பிஎச் அளவு, அப்புறம் நேரம். வைவாவில் யாராவது "இரண்டையும் சேர்த்து மாற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் பதில் இருக்காது.

இதற்கு மாற்று ஃபேக்டோரியல் முறை. வெப்பநிலை, பிஎச் போன்ற எல்லாக் காரணிகளின் எல்லா நிலைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து ஓட்டுவது. மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை என்றால் 2×2×2, மொத்தம் 8 ஓட்டம், அதாவது 8 முறை சோதனை. அதிலும் பாதியையோ காலையோ மட்டும் கணக்காகத் தேர்ந்து ஓட்டினால் ஃபிராக்‌ஷனல் ஃபேக்டோரியல். ஆக, போட்டி இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

மூன்றையும் ஒரே தரவில் வைத்துப் பார்த்துவிடலாம். எஸ்.கே.எஃப். பேரிங் நிறுவனத்தில் நடந்த ஒரு சோதனையை 1989இல் கிறிஸ்டர் ஹெல்ஸ்ட்ராண்ட் வெளியிட்டார். பேரிங் குண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் கேஜை மலிவான வகைக்கு மாற்றலாமா என்பதுதான் முதலில் இருந்த கேள்வி. பழைய கேஜில் 4 ஓட்டம், புதியதில் 4 ஓட்டம் என்று திட்டம். அந்த எட்டு ஓட்டத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு காரணிகளை நுழைத்தார்கள்: உள்வளையத்தின் ஹீட் ட்ரீட்மென்ட், குண்டுக்கும் அது உருளும் பள்ளத்துக்கும் உள்ள வளைவுப் பொருத்தம். கூடுதல் ஓட்டம் ஒன்றுகூட இல்லை.

கேஜை மாற்றியதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட்டும் வளைவுப் பொருத்தமும் சேர்ந்து உயர்நிலையில் இருந்த இரண்டு ஓட்டங்களில் பேரிங்கின் ஆயுள் 85, 128 என்று எகிறியது. மற்ற ஆறும் 16க்கும் 26க்கும் நடுவில். சராசரியில் ஐந்து மடங்கு!

இதே இடத்தில் ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால்? வழக்கமான நிலையிலிருந்து ஹீட் ட்ரீட்மென்ட்டை மட்டும் மாற்றினால் இருபது சொச்சம். அதைப் பழையபடி வைத்து வளைவை மட்டும் மாற்றினாலும் இருபது சொச்சம். "இரண்டாலும் பயனில்லை" என்று அறிக்கை எழுதி, கோப்பை மூடியிருப்பார்கள். இந்த முறையின் மேல் எனக்குள்ள கோபமே இதுதான். தெரியவில்லை என்று சொல்லாமல், தவறான பதிலை உறுதியாகச் சொல்லிவிடும்.

சிக்கனம் என்ற வாதமும் நிற்காது. எட்டு ஓட்ட ஃபேக்டோரியலில் ஒவ்வொரு காரணியின் விளைவுக்கும் நான்குக்கு எதிராக நான்கு என எல்லா ஓட்டமும் உழைக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றி அதே துல்லியத்தை எட்ட அடிப்படை நிலையில் 4, மூன்று மாற்றங்களுக்கும் தலா 4, ஆக 16 ஓட்டம் வேண்டும். இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்ற நம்பிக்கையை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1926லேயே மறுத்துவிட்டார். நூறு வருடமாகியும் பழக்கம் போகவில்லை.

காரணிகளுக்குள் இப்படிப்பட்ட இடைவினை (ஒன்றின் விளைவு மற்றதன் நிலையைப் பொறுத்து மாறுவது) இல்லாவிட்டாலும் ஃபேக்டோரியலில் நஷ்டமில்லை. 1988இல் வெளியான ஐசிஸ்-2 மாரடைப்பு ஆய்வில் 17,187 நோயாளிகள். ஆஸ்பிரின் உண்டா இல்லையா, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து உண்டா இல்லையா என்று நான்கு பிரிவு. ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள மரணம் இரண்டும் இல்லாதவர்களில் 13.2%. ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 10.7%, ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் பெற்றவர்களில் 10.4%, இரண்டும் பெற்றவர்களில் 8.0%. ஒரே ஆய்வின் ஆட்களை வைத்து இரண்டு ஆய்வுக்கான விடை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் கையோடு பதில்.

ஆனால் இடைவினையைத் துல்லியமாக அளப்பது லேசான காரியமில்லை. ஒரு மருந்தின் விளைவைக் கண்டுபிடிக்கத் தேவையான ஆட்களைப்போல நான்கு மடங்கு வேண்டும், அதே அளவுள்ள இடைவினையைக் கண்டுபிடிக்க. தரவைக் கண்டபடி கூறுபோட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஆய்வாளர்களே காட்டினார்கள். நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துப் பார்த்ததில் மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் என்று வந்தது. (மேற்கத்திய ராசிதான். நம் ஜோசியர்கள் அவசரப்பட வேண்டாம்.)

சரி, காரணிகள் ஏழு என்றால் முழு ஃபேக்டோரியலுக்கு 128 ஓட்டம். எந்த ஆய்வகமும் தாங்காது. அங்கேதான் ஃபிராக்‌ஷனல் முறை வருகிறது. ஏழு காரணிகளை 16 ஓட்டத்தில், ஏன், 8 ஓட்டத்தில்கூட வடிகட்டலாம். இதற்கும் ஒரு விலை உண்டு. பேரிங் சோதனையையே பாதியாக்கி, நான்கே ஓட்டம் ஓட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் இருக்கிற ஒரே பெரிய எண் புதிய கேஜோடு வருகிறது. உடனே கேஜும் மற்ற இரண்டைப் போலவே நாயகனாகத் தெரியும். மறுபாதியைத் தேர்ந்திருந்தால் பெரிய எண் பழைய கேஜோடு வரும். புதிய கேஜ் ஆயுளையே கெடுக்கிறது என்று தோன்றும். மற்ற இரண்டின் கூட்டு விளைவு கேஜின் கணக்கில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் என் கணக்கு இப்படி: காரணி நான்கு வரை இருந்தால் முழு ஃபேக்டோரியல். ஆறு, ஏழு என்று போனால் ஃபிராக்‌ஷனலில் வடிகட்டி, மிஞ்சிய இரண்டு மூன்றை முழுதாக ஓட்டுவது. பழுதான பம்பில் எது கோளாறு என்று தேடும்போது, ஒரு மாற்றத்தின் பலன் உடனே, சந்தேகமில்லாமல் தெரியும் என்பதால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. வயல் ஆய்வில் மட்டும் ஒரு சிக்கல். உர அளவைப் பாத்திக்குப் பாத்தி மாற்றலாம், தண்ணீரை அப்படி மாற்ற முடியாது. பக்கத்துப் பாத்திக்குக் கசிந்துவிடும். அங்கே பாசனத்தைப் பெரிய பாத்திக்கும் உரத்தை அதற்குள் சிறு பாத்திகளுக்கும் ஒதுக்கும் ஸ்பிளிட் பிளாட்தான் சரி. அதற்கான பிழைக் கணக்கு வேறு. சாதாரண ஃபேக்டோரியல் போலப் பகுப்பாய்வு செய்துவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

பாதி மட்டும் ஓட்டி, குழம்பி நிற்கிறீர்களா? மற்ற நான்கையும் ஓட்டிவிடுங்கள், எட்டும் கைக்கு வந்துவிடும். முதல் நான்கு வீணாகாது. நடுவில் மூலப்பொருளின் லாட் மாறியிருந்தால் அந்த வித்தியாசம் மூன்று காரணிகளும் சேர்ந்த இடைவினையில் போய் ஒளிந்துகொள்ளும். அது பெரும்பாலும் யாரும் தேடாத இடம்.