எச்சில் குப்பியா, குடும்பக் கதையா?

பதற்றக் கோளாறு பரம்பரையாக வருமா என்று அறிய, இலங்கையின் கடலோர ஊரான நிலாவெளியில் இருப்பவருக்கு இரண்டு வழிகள்: உமிழ்நீர் அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்வது, அல்லது குடும்ப வரலாற்றை உளநல வைத்தியரிடம் சொல்வது.

முதலாவது நவீனமானது, பணத்தையும் கரைக்கும். ஆனால் இதற்கென ஒற்றை மரபணு கிடையாது. 1996இல் பெரிதாகப் பேசப்பட்ட செரட்டோனின் (மூளையில் செய்தி கடத்தும் ஒரு இரசாயனம்) கடத்தி மரபணுவும் பின்வந்த பெரிய ஆய்வுகளில் மங்கிவிட்டது. எண்ணற்ற மரபணு மாறுபாடுகள் துளித்துளியாகவே பங்களிக்கின்றன.

என் தெரிவு இரண்டாவதுதான். ஒத்த இரட்டையரையும் ஒவ்வாத இரட்டையரையும் ஒப்பிடும் ஆய்வுகளின்படி பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம். மீதியை வாழ்க்கை தருகிறது. கடலிரைச்சலுக்கே அம்மம்மா பதறுவது பிறவிக்குணமா, 2004 சுனாமிக்குப் பின் வந்ததா? எந்தக் குப்பியும் சொல்லாது, அம்மம்மா சொல்வார். வெட்கத்தில் மறைக்கும் குடும்பங்களில்தான் (அவை குறைவில்லை) இந்த வழியும் தடுமாறும்.