சவேரியார் கோயில் பக்கத்து நாசி கண்டார் கடை, பின்பக்கத்துச் சின்ன டிவி

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், பினாங்கு சாலையில் இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயிலிலிருந்து பொடிநடையாக வந்துவிடும் தூரத்தில் இந்த 24 மணி நேர நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும் தரும் தமிழ் முஸ்லிம் சாப்பாடு) கடை இருக்கிறது. சாப்பாட்டுக்கு நான்கு நட்சத்திரம். மற்றதையும் சேர்த்தால் ஐந்து, யோசிக்காமல் கொடுப்பேன்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் முட்டைக் குழம்பு அருமை. பஞ்சிர் என்று கேட்டால் நான்கு குழம்பையும் கலந்து சோறு முங்கும்படி ஊற்றுவார்கள், வெண்டைக்காயைக் குழைய விடாமல் வேக வைத்திருப்பார்கள். பொரித்த கோழி சில நாள் காய்ந்துபோய் இருக்கும், அதற்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைவு. தே தாரேக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) 2 வெள்ளி 50 காசு, நுரை கடைசி மடக்கு வரை நிற்கும்.

ஆனால் நான் இங்கே போவது செய்திக்காக. திருச்சபைச் செய்தி, நாட்டு அரசியல், அப்புறம் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து, இந்த மூன்றும் எனக்கு வேண்டும். மூன்றாவதைச் சொன்னால் பலர் விழிப்பார்கள். என் அக்கா மகன் இந்தியானாவில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தான். 1842-ல் எட்வர்ட் சொரின் என்ற திருச்சிலுவைச் சபைக் குரு தொடங்கிய இடம், அங்கே 1896-லேயே கட்டிய லூர்து மாதா கெபி (குகைக் கோயில்) ஒன்று இருக்கிறது, அவனைப் பார்க்கப் போனபோது அதில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். விளையாட்டரங்கத்துக்கு நேரே நூலகச் சுவரில் கைகளை உயர்த்தியபடி நிற்கும் இயேசுவின் பெரிய ஓவியம், மாணவர்கள் ‘டச்டவுன் ஜீசஸ்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். அன்றைக்குப் பிடித்த பற்று இன்னும் விடவில்லை.

சிக்கல் நேரம்தான். அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு விடியற்காலை மூன்றரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு நாலரை. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது டிவியைப் போட முடியுமா? இந்தக் கடையின் பின்பக்கம், கைகழுவும் இடத்துக்கு எதிரே சின்ன டிவி ஒன்று உண்டு, கடைக்காரர் பாய் அதை எனக்காக விட்டுவிடுவார். என் டேப்லட்டை அதில் இணைக்கும் வயரைக்கூட அவரே கல்லாவுக்குக் கீழே எடுத்து வைத்திருக்கிறார். விதிகள் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை, இருந்தாலும் “அண்ணே, நம்ம தங்கத்தொப்பி ஆளுங்க முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்காமல் தட்டை வைக்க மாட்டார். நோட்டர் டேம் அணியின் தலைக்கவசம் தங்க நிறம்.

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இறுதி ஆட்டம். லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஓஹாயோ ஸ்டேட்டிடம் 31-7 என்று விழுந்து கிடந்த நோட்டர் டேம் அணி 31-23 வரை எழுந்து வந்தது. நம் பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமன் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு, 2022-ல் கத்தோலிக்கராகச் சேர்ந்தவர், தாயார் கொரியர். அவர் தம் பழைய கல்லூரிக்கு எதிராகவே நிற்கிற ஆட்டம் அது. எதிரணிக்கு மூன்றாம் முயற்சி, 11 கெஜம் வேண்டும், தடுத்துவிட்டால் பந்து நமக்கு. அந்த நேரம் பார்த்து கடை வைஃபை நின்றுவிட்டது. படம் திரும்பி வந்தபோது அவர்களுடைய ஜெரெமையா ஸ்மித் 56 கெஜம் தாண்டிப் பந்தைப் பிடித்து முடித்திருந்தார். அடுத்து அவர்கள் மூன்று புள்ளி சேர்க்க, 34-23 என்று தோற்றோம். பாய் ஒன்றும் பேசாமல் இன்னொரு தே கொண்டுவந்து வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. வைஃபை இன்னமும் அப்படித்தான், மொபைல் டேட்டாவோடு போங்கள்.

ஆனால் இந்தக் கடையில் எனக்கு மறக்கவே முடியாத இராத்திரி அதே ஆண்டு மே 9. நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம் இருக்கும், புதிய போப்பைத் தேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லும் வெண்புகை உரோமையில். பெரிய டிவியில் ஏதோ பழைய பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது, கோயில்காரர்கள் நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் கேட்கவே இல்லை, ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றிவிட்டார். “நம்ம பினாங்கு ஆயரும் உள்ள இருக்காருல்ல” என்றார். கர்தினால் செபாஸ்டியன் பிரான்சிஸ் வாக்களித்த 133 பேரில் ஒருவர், அது அந்தத் தமிழ் முஸ்லிம் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் யார் என்ன என்று மலாயில் கேட்க, ரொட்டி போடுகிற தம்பி மாவுக் கையோடு வந்து விளக்கினான். ஒரு மணி தாண்டித்தான் பெயர் வந்தது, பதினான்காம் லியோ, சிகாகோவில் பிறந்த அகுஸ்தீன் சபைக்காரர். என் எதிரே இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். என் தேயில் ஆடை கட்டிப்போயிருந்தது, குடிக்க மறந்திருக்கிறேன்.

அரசியலும் இங்கே தாராளமாகப் பேசலாம். சரவாக் பெண்மணி ஒருவரிடமிருந்து 2008-ல் சிப்பாங் விமான நிலையத்தில் பறிமுதல் செய்த 8 கிறிஸ்தவ சிடிகள் வழக்கு நினைவிருக்கும், ‘அல்லாஹ்’ என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தலாமா என்பது. 2021 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2023-ல் அரசாங்கம் மேல்முறையீட்டை மீட்டுக்கொண்டது. அந்தச் செய்தியை நான் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது பாய் தோளில் தட்டி, “ஏன் மெதுவா பேசுறீங்க? நல்லாத்தான் பேசுங்க” என்றார். அவர் கருத்து வேறு, அதையும் சொன்னார், அரை மணி நேரம் பேசினோம். இப்படிப் பேச எத்தனை கடையில் இடம் கிடைக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூசையில் நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், ஆட்ட மும்முரத்தில் எனக்கு அது மறந்துபோகும். ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஞாயிறு காலையில் நேரமானதும் பாய் தாமே வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு, “நோன்பு ஆரம்பம் அண்ணே” என்பார், பாதித் தே இருந்தாலும் எடுத்துவிடுவார். பூசை முடிந்து திரும்பினால் புதுசாக ஒன்று வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் உட்கார இடம் கிடைக்காது. கணக்கைத் தட்டைப் பார்த்தே சொல்வார்கள், ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மீன் முட்டை தீர்ந்திருக்கும், அது வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு மேல் போங்கள்.